சென்னைக்கு புதுசா வேலைக்கு வர்றீங்களா? யூனியன், ஒப்பந்தம், 480 நாள் பத்தி தெரிஞ்சுக்கிட்டு சேருங்க

வளைகுடாவுல எட்டு வருஷம், சிங்கப்பூர்ல அஞ்சு வருஷம்னு இருந்துட்டு, போதும்டா சாமி இனி குடும்பத்தோட இருப்போம்னு திரும்பி வர்றவங்க நிறைய பேர் இப்ப ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம்தான் வேலைக்கு சேர்றாங்க. ரூம் எங்க கிடைக்கும், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு பூந்தமல்லி வரும், இதெல்லாம் கூட வேலை பாக்கறவங்களே சொல்லிடுவாங்க. ஆனா சம்பளத்தை யார் யார்கிட்ட பேசி முடிவு பண்றாங்கன்னு வந்த புதுசுல யாரும் கேக்கறதே இல்ல, அதான் இதை எழுதறேன்.

சவுதி, கத்தார், துபாய்ல எல்லாம் நம்மள மாதிரி வெளியில இருந்து போனவங்க யூனியன் ஆரம்பிக்க முடியாது. அந்த பயத்தோடயே வருஷக்கணக்கா இருந்துட்டு இங்க வந்தா, கேட்டுல கொடி பறக்கறத பாத்ததுமே எதுக்கு வம்புன்னு தலைய குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிடறாங்க. அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லங்க. நம்ம பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளிங்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்னைக்கே சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாச்சு, வாடியா தலைவரா இருந்தார், திரு.வி.க. கூட நின்னார். மில் நிர்வாகம் வாடியா மேல ஹைகோர்ட்ல கேஸ் போட்டு தடை வாங்குச்சு. சங்கம் வச்சதுக்கே கேஸ் போட முடியும்னா பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வேணும்னு பேச்சு வலுத்துதான் 1926ல தொழிற்சங்க சட்டம் வந்துச்சு. ஒரு நூறு வருஷம் அந்த சட்டத்துலதான் ஓடுச்சு.

இப்ப அது மாறிடுச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு, அதுல நமக்கு முக்கியமானது 2020ல பாஸ் ஆன தொழில் உறவு சட்டத் தொகுப்பு. பழைய ஆளுங்க இன்னும் "12(3) போட்டாச்சா, 18(1) தானா"ன்னுதான் பேசுவாங்க, அது பழைய 1947 சட்டத்தோட பிரிவு நம்பர். நம்பர் மாறினாலும் விஷயம் அதேதான். அரசாங்க லேபர் ஆபீசர் முன்னாடி பேசி கையெழுத்தான ஒப்பந்தம்னா அந்த கம்பெனியில இருக்கற எல்லாருக்கும், நாளைக்கு சேரப்போற உங்களுக்கும் சேத்து பொருந்தும். நிர்வாகமும் யூனியனும் தனியா உக்காந்து போட்டதுன்னா கையெழுத்து போட்ட தரப்புக்கு மட்டும்தான். அதனால சேர்ந்த முதல் வாரமே கடைசி ஒப்பந்தம் எந்த வகை, எப்ப முடியுதுன்னு சீனியர் யாரையாவது கேட்டு வச்சுக்கோங்க.

யார் பேசலாம்கறதும் இப்ப சட்டத்துலயே இருக்கு. ஒரு கம்பெனியில பல யூனியன் இருந்தா, 51 சதவீதம் தொழிலாளிங்கள வச்சிருக்கற யூனியன்தான் பேசும். யாருக்கும் அவ்வளவு இல்லன்னா 20 சதவீதமாவது வச்சிருக்கற யூனியன்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தை கவுன்சில். நான் எந்த பக்கமும் இல்லன்னு நீங்க ஒதுங்கி நின்னா அந்த கணக்குல உங்க எடை எந்த பக்கமும் சேராது, ஆனா வர்ற ஒப்பந்தத்துலதான் நீங்களும் வாழணும்.

ஸ்டிரைக் விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. முன்னெல்லாம் முன்கூட்டி நோட்டீஸ்ங்கறது தண்ணி, கரண்ட் மாதிரி பொதுப் பயன்பாட்டு சேவைகளுக்குத்தான் கட்டாயம், இப்ப எல்லா கம்பெனிக்கும் 14 நாள் நோட்டீஸ் வேணும், லேபர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை நடக்கறப்பவும் ஸ்டிரைக் பண்ணக் கூடாது. பாதிப் பேரோ அதுக்கு மேலயோ ஒரே நாள்ல சேர்ந்து கேஷுவல் லீவு போட்டா அதுவும் ஸ்டிரைக் கணக்குதான். வாட்ஸ்அப் குரூப்புல நாளைக்கு எல்லாரும் லீவுன்னு மெசேஜ் வந்ததும் கை தூக்கிடாதீங்க, சட்டவிரோத ஸ்டிரைக்னு ஆச்சுன்னா ரூ.1,000ல இருந்து ரூ.10,000 வரைக்கும் அபராதம், இல்ல ஒரு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம். எனக்கு இந்த மாற்றம் சரியாவே படல, தொழிலாளி கையில இருந்த ஒரே ஆயுதத்தை மழுக்கினது மாதிரி இருக்கு, ஆனாலும் சட்டம் இருக்கற வரைக்கும் தெரிஞ்சு நடக்கணும்.

போராடி வாங்க முடியும்கறதுக்கு பக்கத்துலயே உதாரணம் இருக்கு. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளிங்க 2024 செப்டம்பர் 9ல இருந்து ஒரு மாசத்துக்கு மேல வெளிய உக்காந்தாங்க, முதல் சண்டையே யூனியனை பதிவு பண்றதுக்குத்தான், ஹைகோர்ட் வரைக்கும் போய் 2025 ஜனவரியில பதிவு கிடைச்சுது.

இனி 480 நாள். இது தமிழ்நாட்டோட 1981 சட்டம், 24 மாசத்துக்குள்ள 480 நாள் வேலை பாத்திருந்தா நிரந்தரம் கேக்கலாம். கான்ட்ராக்ட், கேஷுவல்னு பேர் வச்சே வருஷக்கணக்கா ஓட்டறாங்களே, அதுக்குத்தான் இந்த சட்டம். என்கூட ஒரே ரூம்ல இருந்த ராமநாதபுரம் தம்பி ஒருத்தன், சவுதியில இருந்து வந்தவன், தினசரி காலண்டர் தாளை கிழிச்சதும் தூக்கி போடமாட்டான், பின்னாடி பென்சில்ல ஏ, பி, சின்னு அன்னைக்கு பாத்த ஷிப்ட் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு பிஸ்கட் டப்பாவுல வைப்பான். நாங்க எல்லாம் கிண்டல் பண்ணோம். ஒருநாள் அவன் வேலை பாத்த கம்பெனி இவ்வளவு நாள் நீ வரவே இல்லன்னு சொன்னப்ப, அந்த கட்டையும் சம்பள ஸ்லிப்பும் பிஎஃப் பாஸ்புக்கும்தான் அவன் பக்கம் இருந்த ஆதாரம். மூணையும் எடுத்துக்கிட்டுத்தான் அந்த சட்டத்துக்குன்னு இருக்கற இன்ஸ்பெக்டர்கிட்ட மனு போட்டான்.

காலக்கெடு போட்டு வேலைக்கு எடுக்கறாங்கன்னா, அதான் ஃபிக்ஸட் டெர்ம், ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு, அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம். நிரந்தர ஆளுக்கு தர்ற அதே சம்பளம் அதே சலுகைன்னும் சட்டத்துல இருக்கு. வெத்து பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க, ஹெச்ஆர் எவ்வளவு சிரிச்சு பேசினாலும் சரி.

தொழிலாளர் ஆணையர் ஆபீஸ் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு, மெட்ரோவுல ஏஜி டிஎம்எஸ் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம்தான். போறப்ப அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஆறு மாச ஸ்லிப், ஐடி கார்டு எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க, மனு குடுத்ததும் உங்க காப்பியில சீல் வாங்காம வெளிய வராதீங்க.