மெட்டல் டிடெக்டருக்குத் தண்டு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், முள்கம்பி வேலியைப் பழுது பார்த்த மறுநாளே மாடுகளை உள்ளே விட எனக்கு மனம் வராது. வெட்டிப் போட்ட விரல் நீளக் கம்பித் துண்டுகள் கொழுக்கட்டைப் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். மாடு நன்றாக மென்று விழுங்கும் பிராணி அல்ல. புல்லோடு போன கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அந்தப் பை சுருங்கும்போது முன்னோக்கி நகர்ந்து, இதயத்தின் உறை வரைக்கும் குத்திவிடும். அதற்காகத்தான் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அதன் தண்டை முழுக்க நீட்டியும் என் உயரத்துக்குப் போதவில்லை. குனிந்து குனிந்து அரை ஏக்கர் தேடுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. ஆளுக்கேற்ற தண்டு செய்துகொள்வதே நல்லது. ஆனால் அதில் சறுக்கும் இடங்கள் பல.

முதலாவது, காயிலுக்கு, அதாவது தண்டின் கீழ்முனையில் இருந்து தரையைத் தேடும் கம்பிச்சுருள் வட்டுக்கு, அருகில் உலோகம் வைப்பது. உலோகம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; எது உலோகம் என்பதில்தான் ஏமாந்துபோகிறார்கள். லேத் பட்டறையில் தம்பி ஒருவர் எவர்சில்வர் போல்ட் ஒன்றின் மேல் காந்தத்தை வைத்துக் காட்டினார். "காந்தமே ஒட்டவில்லை, அண்ணா. இது எப்படிச் சத்தம் போடும்?" அதே போல்ட்டைக் காயிலுக்கு முன் ஆட்டினோம், கருவி அலறியது. டிடெக்டர் தேடுவது காந்தத்தில் ஒட்டும் பொருளை மட்டுமல்ல. காயில் அனுப்பும் மாறும் காந்தப்புலம், மின்சாரம் கடத்தும் எந்தப் பொருளிலும் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். கருவி கேட்பது அதைத்தான். அலுமினியம், பித்தளை, எவர்சில்வர் எல்லாமே அகப்படும். கார்பன் ஃபைபரும் ஓரளவு மின்சாரம் கடத்தும். அதனால் மேல் தண்டுக்கு அலுமினியமோ கார்பனோ இருக்கட்டும். காயிலிலிருந்து இரண்டடி வரைக்கும் கண்ணாடி இழைக் குழாய், நைலான் போல்ட், ரப்பர் வாஷர் மட்டுமே போடுங்கள். நைலான் போல்ட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால், போல்ட் நுழையும் காயிலின் காதுதான் முதலில் உடையும்.

இரண்டாவது, நீளத்தைப் பட்டறையின் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று அளப்பது. காட்டில் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டுதான் நடக்கிறோம். அந்த உயரமே வித்தியாசம் காட்டிவிடும். தேடப்போகும் காட்டிலேயே நில்லுங்கள். தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்றே மடக்கி, ஓர் எட்டு முன்னால் காயில் தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே மட்டமாக நிற்கும்படி அளவெடுங்கள். விலை கூடிய குழாயை உடனே வெட்டாதீர்கள். மலிவான பிவிசி குழாயில் ஒரு மாதிரி செய்து, ஒரு காலை முழுக்க அதோடு நடந்து பாருங்கள். பிவிசி வெயிலில் இளகி வளையும், நிரந்தரத் தண்டுக்கு ஆகாது. அளவு பார்க்க அதைவிடத் தோதானது இல்லை. முழங்கைத் தாங்கியின் இடத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். அது முழங்கை மூட்டுக்குச் சற்றுக் கீழே முன்கையைப் பிடிக்க வேண்டும். மூட்டின் மேலேயே உட்கார்ந்தால் கை மடங்காது.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய்களில் இடைவெளி விடுவதிலும் கவனம் தேவை. பத்து சென்டிமீட்டர் மட்டும் உள்ளே செருகி, ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் விட்டால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் காயில் ஒரு சென்டிமீட்டர் ஆடும். இருபது சென்டிமீட்டர் செருகினால் அதில் பாதிதான். ஆட்டமே இல்லாமல் இறுக்கமாகச் செய்துவிட்டால் நம் செம்மண் புழுதி உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும். கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், விட்டால் கடகடக்கக் கூடாது. அந்த அளவுக்கு லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

பலரும் தடுமாறுவது எடைச் சமநிலையில்தான். முன்பக்கம் கனக்கிறதே என்று பின்னால் ஈயக்கட்டி கட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காயில் அரைக் கிலோ, கைப்பிடியிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறது. தண்டின் பின்முனை கைப்பிடியிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி என்றால், அதைச் சமன் செய்ய 1.25 கிலோ வேண்டும். அவ்வளவையும் கை தூக்க வேண்டும். தண்டை இடமும் வலமுமாக வீசும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அதை நிறுத்தித் திருப்பவும் வேண்டும். மணிக்கட்டு என்ன ஆகும்? புதிதாக எடை சேர்க்காமல், இருக்கிற பேட்டரிப் பெட்டியை முழங்கைத் தாங்கிக்குக் கீழே நகர்த்துங்கள். முன்பக்கத்தில் நூறு கிராம் குறைப்பது, பின்னால் கால் கிலோ கட்டுவதற்குச் சமம். அதனால் கீழ்த்தண்டுதான் எல்லாவற்றையும்விட இலேசாக இருக்க வேண்டும். காசு செலவழிப்பதானால் அங்கே செலவழியுங்கள்.

கேபிளைத் தொங்கவிடுவது சின்னத் தவறு போலத் தெரியும், பெரிய தொல்லை தரும். காயிலுக்குப் பக்கத்தில் ஆடும் கேபிளின் உள்ளே இருப்பதும் உலோகம்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் பொய்ச் சத்தம் எழுப்பும். காயில் மடங்கி நிமிர மட்டும் கொஞ்சம் தளர்ச்சி விட்டு, மீதியைத் தண்டோடு சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள்.

குழாயை வெட்டும்போது வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் பிளேடால், தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுங்கள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் கட்டாயம்.

நம் பக்கத்தில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றும் உண்டு. நொய்யல் கரையில் கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்கள் இருக்கின்றன. கொங்கு மண்ணில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கெல்லாம் இந்தக் கருவியோடு போகாதீர்கள். மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் சொந்தக் காட்டிலேயே கிடைத்தாலும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தண்டு முடிந்ததும் நேராகக் காட்டுக்குப் போக வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிட்டு, இரும்பு இல்லாத திறந்த வெளியில் காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வேகமாக வீசிப் பாருங்கள். சத்தம் வந்தால் முதலில் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், பிறகு போல்ட்டை, பிறகு இணைப்பு ஆட்டத்தை. கருவி வாய் திறக்காமல் இருந்தால், ஒரு துண்டு முள்கம்பியைப் புல்லுக்குள் போட்டு, அதன் மேல் வீசுங்கள்.