குவார்ட்டர்பேக்கில் சறுக்கும் என்எஃப்எல் அணிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். சிகாகோ பேர்ஸ் அணி 2017 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் நிகழ்வில், குவார்ட்டர்பேக் மிட்ச் டிரபிஸ்கியை எடுத்தது. சீசன் முடிந்த கையோடு கோச் ஜான் ஃபாக்ஸுக்கு வேலை போனது. 2021இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தார். சீசன் முடிந்ததும் கோச் மேட் நேகியை அனுப்பிவிட்டார்கள். 2024இல் முதல் இடத்தில் கேலப் வில்லியம்ஸ் வந்தார். நவம்பரிலேயே மேட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். எட்டு சீசனுக்குள் மூன்று இளம் குவார்ட்டர்பேக்குகள். மூவருக்கும் முதல் ஆண்டு பாடம் சொன்னவர் இரண்டாம் ஆண்டில் இல்லை.

கோச் மாறினால் என்ன போச்சு, ஆட்டம் அதேதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்க சென்டர் பின்னால் கொடுக்கும் பந்து) வாங்கும்போது எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும், எத்தனை அடி பின்வாங்க வேண்டும், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும், எதிரணி பாய்ந்து வரும்போது தடுப்பை மாற்றச் சொல்லும் பொறுப்பு குவார்ட்டர்பேக்குக்கா சென்டருக்கா என எல்லாமே கோச்சுக்குக் கோச் வேறுபடும். ஆட்டத்தை அழைக்கும் சொற்களே மாறிவிடும். ஒரு வருடம் உடம்பில் ஏற்றிய பழக்கத்தை 22 வயதுப் பையன் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பந்தை எறிய அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் யோசித்துக் கால் வைப்பவன் தாமதமாகத்தான் எறிவான்.

ஆகவே ஓனர் ஜனவரியிலேயே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: "வரும் சீசனில் ஆறே ஆட்டம் ஜெயித்தாலும் இந்தக் கோச்சை வைத்திருப்பேனா?" இல்லை என்பது பதிலானால், ஏப்ரலில் வரும் பையனை அவர் கையில் கொடுக்கக் கூடாது. கோச்சை மாற்றுவதானால் டிராஃப்டுக்கு முன்னால் மாற்றுங்கள். குவார்ட்டர்பேக், ஒப்பந்தம், கோச் மூன்றும் ஒரே முடிவு. மூன்றையும் வெவ்வேறு மாதத்தில் வெவ்வேறு ஆள் எடுக்கும் அணிதான் மாட்டிக்கொள்கிறது.

பையனை வாங்க வீட்டையே விற்பது

2023இல் கரோலினா பேந்தர்ஸ், பிரைஸ் யங்கை எடுப்பதற்காக, டிராஃப்டில் முதலில் தேர்ந்தெடுக்கும் இடத்தைச் சிகாகோவிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலை: அந்த டிராஃப்டின் 9ஆம் இடம், 61ஆம் இடம், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, அதற்கு மேல் டிஜே மூர். மூர்தான் அணியின் சிறந்த ரிசீவர். பந்தை எறிய ஒருவரை வாங்குவதற்காகப் பிடிப்பவரைக் கொடுத்துவிட்டார்கள். யங் அந்த சீசனில் 62 முறை 'சாக்' ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே கையில் பந்தோடு வீழ்த்தப்பட்டார். கோச் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் வென்ற நிலையில் நீக்கப்பட்டார். அணி 2 வெற்றி, 15 தோல்வி என்று முடித்ததால், சிகாகோவுக்குக் கொடுத்திருந்த 2024 முதல் சுற்றுத் தேர்வு டிராஃப்டிலேயே முதல் இடமாகிப்போனது. அதை வைத்துத்தான் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

மேலே ஏறுவது தவறில்லை. கன்சாஸ் சிட்டி 2017இல் 27இலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறித்தான் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஆனால் அங்கே ஆண்டி ரீட் 2013 முதல் கோச். நல்ல ரிசீவர்கள் இருந்தார்கள். அனுபவசாலி குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் அவசரமும் இல்லை. மஹோம்ஸ் முதல் சீசனில் ஒரே ஓர் ஆட்டம்தான் தொடங்கினார்.

இதைப் பார்த்துவிட்டு "ஒரு வருடம் உட்கார வைத்தால் தேறிவிடுவான்" என்று பலர் விதியாகவே பிடித்துக்கொண்டார்கள். டிரே லான்ஸ் கல்லூரியிலேயே 17 ஆட்டம்தான் தொடங்கியிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஆட்ட அனுபவம். அவரை எடுத்த சான் பிரான்சிஸ்கோ 2021இல் பெரும்பாலும் உட்கார வைத்தது. 2022இன் இரண்டாம் வாரத்தில் கணுக்கால் முறிந்தது. பையனிடம் என்ன குறை என்று பார்த்த பிறகுதான் உட்கார வைப்பதா ஆட விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஆடத் தெரிந்தும் முன்னால் தடுப்பவர்கள் இல்லையென்றால், வேறு ஒருவரை அடிவாங்க விடுவதே மேல். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸில் முதல் இடத்தில் வந்த டேவிட் கார் அந்த ஒரே சீசனில் 76 முறை வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அதுதான் லீக் சாதனை. அடி வாங்கி வாங்கி, தடுப்பு சரியாக இருக்கும்போதும் சீக்கிரமே கண்ணைக் கீழே இறக்கும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதைத் திருத்துவது மகா கஷ்டம். வில்லியம்ஸும் முதல் சீசனில் 68 முறை விழுந்தார். அதன்பின் 2025 மார்ச்சில் சிகாகோ ஜோ துனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று நடுவில் தடுக்கும் மூவரைக் கொண்டுவந்தது. அந்த வேலையை ஒரு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம்: பணத்தைவிடத் தேதி முக்கியம்

முதலில் கணக்கு. என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2022இல் 20.82 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி டாலர். வீரருக்குக் கையெழுத்து போனஸ் கொடுத்தால் பணம் உடனே அவர் கைக்குப் போகும். வரம்புக் கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம்.

இங்கேதான் பொறி. ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இந்த ஆண்டுச் சம்பளம் 4 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3.8 கோடியை போனஸாக மாற்றி ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 76 லட்சம். மீதிச் சம்பளம் 20 லட்சம். இந்த ஆண்டுக் கணக்கில் 96 லட்சம் மட்டுமே ஏறும், 3.04 கோடிக்கு இடம் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு அவரை நீக்கினால், இன்னும் எழுதாத அதே 3.04 கோடி மொத்தமாக வந்து விழும். இதுதான் டெட் மணி, ஆடாத ஆளுக்கு வரம்பில் ஒதுக்கும் இடம். ஜூன் 1க்குப் பிந்தைய நீக்கம் என்று குறித்தால் இரண்டு ஆண்டாகப் பிரியும், ஆனால் ஒரு டாலர்கூடக் குறையாது. இந்த மாற்றத்தை, இன்னும் மூன்று ஆண்டு நிச்சயம் இருப்பார் என்று தெரிந்த ஆளுக்கு மட்டும் செய்யலாம். சந்தேகத்துக்குரிய ஆளுக்குச் செய்தால், அவரை நீக்க முடியாதபடி நாமே கதவைப் பூட்டிக்கொள்கிறோம்.

அடுத்த பெரிய தவறு, அவசியமே இல்லாத நேரத்தில் கையெழுத்திடுவது. டென்வர் பிராங்கோஸ் 2022 மார்ச்சில் ரஸ்ஸல் வில்சனை இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, மூன்று வீரர்கள் என்று கொடுத்து வாங்கியது. அவர் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் மீதம் இருந்தது. ஓர் ஆட்டம்கூடப் பார்க்காமல் அந்த செப்டம்பரிலேயே மேலும் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 24 கோடிக்கு நீட்டித்தார்கள். 2024 மார்ச்சில் அவரை நீக்கியபோது டெட் மணி சுமார் 8.5 கோடி: முதல் ஆண்டு 5.3 கோடி, அடுத்த ஆண்டு 3.2 கோடி. பதினேழு ஆட்டம் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை.

உத்தரவாதம் எந்தத் தேதியில் பூட்டுகிறது என்று பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பல ஒப்பந்தங்களில் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு முதலில் காயத்துக்கு மட்டும் உத்தரவாதம் இருக்கும்; பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு குறிப்பிட்ட நாளில் அது முழு உத்தரவாதமாக மாறிவிடும். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் 2022 சீசனின் கடைசி இரண்டு ஆட்டத்தில் டெரெக் காரை உட்கார வைத்ததும், டென்வர் மறு ஆண்டு வில்சனை அதேபோல் உட்கார வைத்ததும் இதனால்தான். காயம்பட்டால் பல கோடி பூட்டிக்கொள்ளும் என்ற பயம். ஜெனரல் மேனேஜர் அந்தத் தேதியை நவம்பரிலேயே கோச்சிடம் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் திடீரென்று தெரியவந்தால் டிரஸ்ஸிங் ரூமில் நம்பிக்கை போய்விடும்.

முழு உத்தரவாதத்தின் உச்சம் கிளீவ்லேண்ட். 2022இல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, ஐந்து ஆண்டுக்கு 23 கோடி டாலரை முழுவதும் உத்தரவாதமாக எழுதிக்கொடுத்தார்கள். பாலியல் அத்துமீறல் புகார்கள் நிலுவையில் இருந்த வீரர் அவர். 11 ஆட்டத் தடை வந்தது. பிறகு தோள், பிறகு குதிகால் தசைநார். மூன்று சீசனில் ஆடியது 19 ஆட்டம். அவருக்காக அனுப்பிய பேக்கர் மேஃபீல்ட், முந்தைய சீசனின் பெரும்பகுதியைத் தோள் கிழிந்த நிலையில் ஆடியவர். காயத்தோடு ஆடிய ஒரு சீசனை வைத்து ஆளை எடைபோட்டதுதான் இதன் மூலத் தவறு. மேஃபீல்ட் 2023இல் டாம்பா பேயைப் பிளேஆஃபுக்கு (சீசன் முடிவின் நாக்அவுட் சுற்றுக்கு) கொண்டுபோனார்.

இதற்கு நேர் எதிரானது நியூயார்க் ஜயன்ட்ஸ் செய்தது. ஒரே நல்ல சீசனுக்கு விலை கொடுத்தார்கள். 2022இல் டேனியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டு உரிமையை, அதாவது முதல் ஒப்பந்தத்தை இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்க அணிக்கு உள்ள வாய்ப்பை, சுமார் 2.2 கோடி, வேண்டாம் என்றார்கள். அவர் அந்த சீசனில் ஒரு பிளேஆஃப் ஆட்டம் வென்றார். ஒப்பந்தம் முடியும் வீரரை ஒரு வருடச் சம்பளத்தில் பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக், ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். அதை, பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் சேக்வான் பார்க்லிக்கு வைத்துக்கொள்ள, டேக் கெடு முடியச் சில நிமிடம் இருக்கும்போது ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16 கோடி கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். பார்க்லி அதற்குள் பிலடெல்பியாவுக்குப் போய் அந்த சீசனில் 2,005 யார்டு ஓடி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்தார்.

நல்ல ஆளுக்குத் தள்ளிப்போடுவதும் நஷ்டம்தான். டாக் பிரெஸ்காட்டை டாலஸ் 2020இல் டேக் போட்டு வைத்தது, 2021இல் ஆண்டுக்கு 4 கோடி கொடுத்தது. அதில் டேக் போடக் கூடாது, சம்மதமின்றி வேறு அணிக்கு டிரேட் செய்யக் கூடாது என்று அவர் எழுதி வாங்கிவிட்டார். 2024 செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டத்தன்று காலை ஆண்டுக்கு 6 கோடிக்கு டாலஸ் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வரம்பின் விகிதத்தில் பார்த்தால் 2021இல் சுமார் 22 சதவீதம், 2024இல் சுமார் 23.5. தொகையைப் பார்த்து மிரள வேண்டாம், விகிதத்தைப் பாருங்கள். விலை பெரிதாக மாறவில்லை, டாலஸின் பிடிதான் போய்விட்டது.

கோச்சைக் கேட்காமல் ஆளை வாங்குவது இன்னொரு வகை. 2016இல் ஹூஸ்டன், ஏழே ஆட்டம் தொடங்கியிருந்த பிராக் ஆஸ்வைலருக்கு 7.2 கோடி கொடுத்தது. கையெழுத்தாகும் வரை கோச் பில் ஓ'பிரையனும் அவரும் நேரில் உட்கார்ந்து பேசியதே இல்லை. ஒரு வருடம் கழித்து, அவரை எடுத்துக்கொள்வதற்காகவே கிளீவ்லேண்டுக்கு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆட்ட நாளில் கை நடுங்குவது

2022 செப்டம்பர் 12, சியாட்டில். வில்சன் டென்வருக்காக ஆடிய முதல் ஆட்டம். 17-16 என்று பின்தங்கியிருக்கிறார்கள். நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, வேண்டியது 5 யார்டு, பந்து சியாட்டிலின் 46இல். கையில் மூன்று டைம்அவுட். புது கோச் நதேனியல் ஹாக்கெட் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்த கடிகாரத்தை 20 விநாடி வரை ஓடவிட்டு, டைம்அவுட் எடுத்து, மூன்று புள்ளிக்காகக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பவரை அனுப்பினார். 64 யார்டு உதை. அன்றைக்கு லீக் சாதனையே 66தான். பந்து இடப்பக்கம் விலகிப் போனது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குவார்ட்டர்பேக்கிடம் 5 யார்டு கேட்க மனம் வரவில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. எந்த இடத்தில், எத்தனை யார்டுக்கு, எவ்வளவு நேரம் இருந்தால் முயல வேண்டும் என்ற அட்டவணை வெள்ளிக்கிழமையே தயாராக இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல ஹெட்செட்டில் ஒருவர், அந்த வேலைக்கு மட்டுமே, இருக்க வேண்டும். ஆட்டத்தைத் தானே அழைக்கும் கோச்சால் கடிகாரத்தையும் பார்க்க முடியாது. டென்வர் மூன்றாம் வாரத்தில்தான் அனுபவசாலியான ஜெர்ரி ராஸ்பர்கை இதற்காக அழைத்து வந்தது. ஹாக்கெட் 15 ஆட்டத்தோடு போனார்.

கொடுத்த விலைக்காகவே பிடித்துக்கொண்டிருப்பது

மூன்று முதல் சுற்று கொடுத்து எடுத்த ஆளை விட மனசு வராது. கோச் கணக்கும் அதுதான், ஜெனரல் மேனேஜர் கணக்கும் அதுதான்: தவறு என்று ஒத்துக்கொண்டால் வேலை போகும். ஓனர் இங்கே முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், தவறைச் சீக்கிரம் சொன்னவருக்கு வேலை போகாது என்று.

சான் பிரான்சிஸ்கோ லான்ஸுக்காக மூன்று முதல் சுற்றும் ஒரு மூன்றாம் சுற்றும் கொடுத்திருந்தது. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆம் இடத்தில் வந்த பிராக் பர்டி அவரைவிட நன்றாக ஆடினார். 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு லான்ஸை டாலஸுக்கு அனுப்பினார்கள். பர்டியின் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலருக்கும் கீழே. மிச்சமான இடத்தில் மற்ற நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் வரை போய், ஓவர்டைமில்தான் தோற்றார்கள்.