புது ரைஃபிள் வாங்குபவர்கள் தவறவிடும் தொழிற்சாலைக் கோளாறுகள்

பெட்டியைப் பிரித்த கையோடு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பூட்டிக்கொண்டு சுடப் போவதுதான் முதல் தவறு. தொழிற்சாலையில் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவை வெடித்துப் பார்த்துத்தான் ரைஃபிளை அனுப்புகிறார்கள். பேரலும் (குழலும்), தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட்டும் தாங்குமா என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொல்லும். ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) பேரலில் உரசுகிறதா, டிரிகருக்குள் என்ன ஒட்டிக்கிடக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

பெயரை நம்பி வாங்குவது அடுத்த தவறு. கைப்பிடி நெம்புகோலால் தோட்டா ஏற்றும், அமெரிக்காவின் மார்லின் லீவர் ரைஃபிள்களே இதற்குச் சாட்சி. மார்லின் ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் ஆலை 2011இல் மூடப்பட்டது. உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாறியது. தேய்ந்த இயந்திரங்கள் இடம் மாறின, அவற்றின் போக்கு தெரிந்த கைகள் வரவில்லை. சாய்ந்த முன் சைட், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி, தோட்டா சிக்கும் லீவர் என்று புகார்கள் குவிந்தன. வேட்டைக்காரர்கள் ‘ரெம்லின்’ என்றே கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டார்கள். 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, 2021 இறுதியிலிருந்து வட கரோலினாவின் மயோடனில் தயாரித்து அனுப்புகிறது. ஆக, ஒரே பெயரில் மூன்று ஆலைகளின் சரக்கு சந்தையில் இருக்கிறது. பழையது வாங்குபவர்கள் பேரலில் ‘ஜேஎம்’ முத்திரையைத் தேடுவார்கள். அது பேரல் எங்கே செய்யப்பட்டது என்பதற்குத்தான் அடையாளம். துப்பாக்கியின் மற்ற பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை.

டிரிகர் விஷயத்தில் அசட்டை கூடவே கூடாது. 2014 ஏப்ரலில் ரெமிங்டன் மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களை நிறுவனமே திரும்ப அழைத்தது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரானவற்றில், எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர் உள்ளவை அவை. பாகங்களைப் பூட்டும்போது ஒட்டுப்பசை அளவுக்கு மேல் போய்விட்டால், டிரிகரை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். டிரிகரின் முகம் வழவழப்பாக இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. கோடு கோடாக இருந்தால் அது பழைய வகை. பழையதாக வாங்கும்போது, அந்தப் பழுது பார்க்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனத்தின் போல்ட் ரைஃபிளானாலும் இதைச் செய்யுங்கள். சேம்பரும் (தோட்டா உட்காரும் அறையும்) மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பேரலைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, டிரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை மட்டும் விலக்குங்கள். ‘டக்’ என்று ஃபயரிங் பின் (தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி) விழுந்தால் அது ஆபத்தான துப்பாக்கி. பிறகு போல்ட்டை வேகமாக அடித்து மூடியும், ஸ்டாக்கின் அடியை ரப்பர் சுத்தியால் தட்டியும் பாருங்கள். இருபது முறையில் ஒரு முறை விழுந்தாலும் போதும், திருப்பி அனுப்பிவிடுங்கள். திருகைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதோ, டிரிகருக்குள் எண்ணெய் பீய்ச்சுவதோ வேண்டாம். எண்ணெய் பிசினாகி, புதுக் கோளாறைக் கொண்டுவரும்.

குறி சிதறினால் உடனே பேரலைப் பழிப்பதும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி ஸ்டாக்தான். பேரல் ஸ்டாக்கைத் தொடாதபடி அமைத்த ரைஃபிளில், இரண்டுக்கும் நடுவே ஒரு ரூபாய்த்தாளோ டாலர்தாளோ சேம்பர் பக்கம்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக்கில், பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டி அழுத்தும்போதுதான் உரசல் தெரியும். சும்மா வைத்துப் பார்த்தால் தெரியாது. ஸ்டாக்கோடு துப்பாக்கியைப் பிணைக்கும் ஆக்‌ஷன் திருகுகளைக் கையேட்டில் உள்ள இன்ச்-பவுண்ட் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், கைக்கணக்கு உதவாது. பேரல் நுனியில் நகத்தில் தட்டுப்படும் சிறு பிசிறு இருந்தாலும் குறி விலகும்.

ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, வெற்றுத் தோட்டாக் கூட்டை வைத்து ஊகிக்காதீர்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 1.630 அங்குல ‘கோ’ கேஜில் (அளவுக் கட்டையில்) போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குல ‘நோ-கோ’வில் மூடக்கூடாது. எஜெக்டரை (கூட்டை வெளியே தள்ளும் பாகத்தை) கழற்றிவிட்டு, போல்ட் பிடியை ஒற்றை விரலால் மட்டும் தள்ளுங்கள். பலம் கொடுத்தால் கேஜே பொய் சொல்லும்.

ஸ்கோப் துளைகள் கோணலாக இருந்தால், பக்கவாட்டு டயல் கிட்டத்தட்ட கடைசிவரை போயும் குறி சேராது. அப்போது ஸ்கோப் உட்காரும் தளத்தை அராவாதீர்கள். அராவிய துப்பாக்கிக்கு வாரண்டி கிடைப்பது கடினம். ஐந்து குண்டுகள் சுட்ட தாளையும், பயன்படுத்திய தோட்டாவின் லாட் எண்ணையும் சேர்த்து வைத்துத் திருப்பி அனுப்புங்கள். “சரியாகச் சுடவில்லை” என்று மட்டும் எழுதி அனுப்பினால், துடைத்து அப்படியே திரும்பி வந்துவிடும்.