பதற்ற மாத்திரையை மாற்றப் போகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்ததும் பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்று ராத்திரியே புதுசை ஆரம்பித்தவன் நான். பதற்றத்துக்கான எஸ்சிட்டாலோபிராம் மட்டும்தான் போடுகிறோம் என்று நினைத்திருந்தேன், மெடிக்கலில் ஐந்தைந்தாக வெட்டிக் கொடுத்த துண்டில் பாதிப் பெயர்தான் தெரியும், அதை டாக்டரிடமும் சரியாகச் சொல்லவில்லை. நாலாம் நாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, தலையைத் திருப்பினால் உள்ளே ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு. புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். முழு அட்டையைப் பார்த்தபோதுதான் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருந்தது தெரிந்தது: கூடவே குளோனாசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து 0.5 மி.கி. ஒரே நாளில் இரண்டு மருந்தை நிறுத்தியிருக்கிறேன்!

அதனால் முதல் வேலை, வெட்டாத அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுவது. வலிக்குப் போடும் டிரமடால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து, மைக்ரேன் மாத்திரை, எது இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும்தான், வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: பழையதை எப்படிக் குறைப்பது, புதுசை எந்த நாளில் தொடங்குவது? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. எஸ்சிட்டாலோபிராமிலிருந்து செர்ட்ராலினுக்குப் போகும்போது சிலருக்கு மறுநாளே மாற்றிவிடுவார்கள், சிலருக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதை ஏற்றுவார்கள். ஃபுளுவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால் நிறுத்திச் சில நாள் இடைவெளி விடச் சொல்லலாம். வென்லாஃபாக்ஸின் நேர் எதிர், ஒரு வேளை தவறினாலே சாயங்காலத்துக்குள் தலை சுற்றும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிய அட்டவணை உங்களுக்கு உதவாது என்பது இதனால்தான்.

குளோனாசிபாம், அல்பிரசோலாம் வகை தனிக்கதை. தினமும் வாரக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம். செர்ட்ராலினோ, இன்னொரு பதற்ற மருந்தான பஸ்பிரோனோ அந்த இடத்தை நிரப்பாது. எனக்கு அதைத் தனி மாத்திரையாகத் திரும்ப எழுதி, சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். குறைக்கிறோம் என்று நீங்களாக மாத்திரையை உடைக்காதீர்கள், எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று போட்டதை உடைத்தால் மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வையுங்கள்: எந்த மாத்திரை, எத்தனை மி.கி., தூக்கம் எப்படி. மாற்றிய சில நாளில் தலைச்சுற்றல், ஷாக், எரிச்சல் வந்தால் பெரும்பாலும் பழைய மருந்து இறங்குவதன் விளைவு. குமட்டலும் வயிற்றுப்போக்கும் புதுசின் வேலையாக இருக்கலாம். பதற்றம் குறைய 2 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை ஐந்தாம் நாளே 'இது வேலைக்காகாது' என்று நிறுத்திவிடாதீர்கள், போன் செய்து கேளுங்கள்.

ஆனால் காய்ச்சல், கொட்டும் வியர்வை, தசை விறைப்பு அல்லது துள்ளல், குழப்பமான பேச்சு, இதயம் பறப்பது எல்லாம் சேர்ந்து வந்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரைகள் ஏற்றிவிடும் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறினால் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகும். முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம், வீட்டில் ஒருவரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள். ராத்திரி எந்நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

மீந்த பழைய மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை எறியாதீர்கள், ஆனால் புதுசு இருக்கும் டப்பாவிலும் போடாதீர்கள். என் அம்மா அதை பீரோவில் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.