பனி நாள்: அவசரத் தொடர்புப் படிவத்தில் டல்லாஸ் அண்ணன் பெயர் வேண்டாம்

நியூ ஜெர்சிக்கு வந்து எனக்குப் பதினான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. எங்கள் குடியிருப்பின் ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் புது முகங்களைப் பார்க்கிறேன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அவர்கள் தடுமாறும் இடங்களில் எல்லாம் நானும் ஒரு காலத்தில் தடுமாறியிருக்கிறேன். கோட்டு, பூட்ஸ், கையுறை பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பனிக்காகப் பள்ளியை மூடும் நாட்களைப் பற்றி யாரும் சொல்லாததை எழுதுகிறேன்.

‘டிஸ்ட்ரிக்ட்’ என்றால் நம் மாவட்டம் இல்லை

நம் ஊரில் மழை வலுத்தால் கலெக்டர் விடுமுறை விடுவார். டி.வி.யில் மாவட்டத்தின் பெயர் ஓடும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பல இடங்களில் ஒரே ஒரு ஊர்தான். இந்தச் சின்ன மாநிலத்திலேயே சுமார் 600 இருக்கின்றன. பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்தந்த டிஸ்ட்ரிக்டின் சூப்பரின்டென்டென்ட், அதாவது அதன் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ஆட்கள் வண்டியில் போய்ச் சாலைகளைப் பார்த்து வருவார்கள். ஊரின் ஒரு மூலையில் இருக்கும் மேட்டுச் சாலையில் பஸ் ஏற முடியாவிட்டால், ஊர் முழுக்கப் பள்ளி இல்லை என்றாகிவிடலாம். பெரும்பாலும் ஐந்தரை மணி வாக்கில் போனுக்குச் செய்தி வரும். பக்கத்து ஊரில் மூடியிருப்பார்கள், நம் ஊரில் திறந்திருக்கும். இரண்டும் வேறு வேறு முடிவு.

ஆளுநர் அவசரநிலை அறிவித்தாலும் அதனாலேயே பள்ளிகள் மூடிவிடுவதில்லை. ஆளுநரே மூடுவது அபூர்வம். 2014 ஜனவரி 6 அன்று மினசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் கடுங்குளிருக்காக மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடினார். அங்கே அப்படி நடந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டு மணி நேரத் தாமதம்

8.10க்கு வரும் பஸ் 10.10க்கு வரும். பள்ளி விடும் நேரம் மாறாது. கிண்டர்கார்டனுக்கு முந்தைய ப்ரீ-கே வகுப்பு காலையில் மட்டும் நடப்பதாக இருந்தால் அன்றைக்குப் பெரும்பாலும் இருக்காது. தாமதம் என்று சொன்னதை ஏழு மணிக்கு ‘மூடல்’ என்று மாற்றுவதும் உண்டு. குழந்தையைக் கிளப்புவதற்கு முன் இன்னொரு முறை போனைப் பாருங்கள்.

நடுப்பகலில் பள்ளியை மூடும் நாள்

மற்ற எல்லாத் தவறுகளிலும் போவது கொஞ்சம் தூக்கமோ அரை நாள் லீவோதான். இது அப்படி இல்லை.

மகள் கிண்டர்கார்டன் சேர்ந்த வருடம். பள்ளியில் கொடுத்த படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மூன்று கட்டங்கள் இருந்தன. என் பெயர், கணவர் பெயர் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், விமானத்தில் வர வேண்டிய தூரத்தில் டல்லாஸில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணனின் பெயர். இந்த நாட்டில் எனக்கு அவரைத்தான் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை மழைதான் பெய்தது. பத்தரைக்குப் பனிக்கட்டி மழையாக மாறியது. 12.45க்குப் பள்ளியை மூடுகிறோம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நான் மன்ஹாட்டனில் மீட்டிங்கில் இருந்தேன், போன் பைக்குள். கணவர் கனெக்டிகட்டில் கிளையண்ட் அலுவலகத்தில். மகள் எப்போதும் பள்ளி விட்ட பிறகு மாலை ஆறு மணி வரை ஆஃப்டர்கேர் என்ற குழந்தைப் பராமரிப்பில் இருப்பாள். பனிக்காகப் பள்ளியை முன்னதாக மூடினால் ஆஃப்டர்கேரும் கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் வந்து நின்றது. மூன்றாவது மாடி அக்கா தன் மகனுக்காக அங்கே நின்றிருந்தார். “இவளையும் நானே கூட்டிப் போகிறேன்” என்று கேட்டிருக்கிறார். ஓட்டுநர் பட்டியலைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயர் இதில் இல்லை என்று சொல்லிவிட்டார். கிண்டர்கார்டன் குழந்தையைப் பட்டியலில் இல்லாதவரிடம் விட மாட்டார்கள். அது சரியான விதி, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். வீட்டைப் பார்த்தபடியே மகள் திரும்பப் பள்ளிக்குப் போனாள்.

பள்ளியிலிருந்து எனக்கு, கணவருக்கு, பிறகு டல்லாஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அண்ணன் என்ன செய்வார்? பதறிப்போய் மதுரைக்கு, என் அம்மாவுக்குப் போன் செய்தார். அங்கே இரவு பன்னிரண்டாகப் போகிறது. “பிள்ளையைக் கூப்பிட ஆளில்லையாம்” என்று கேட்ட அம்மா அன்று தூங்கவே இல்லை. ரயில் தாமதமாகி நான் போய்ச் சேர 4.20 ஆகிவிட்டது. ஆஃபீஸ் நாற்காலியில் கோட்டோடும் தொப்பியோடும், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அன்று ரயிலாவது ஓடியது. வீட்டுக்கே வர முடியாத நாளும் உண்டு. 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் மூன்று அங்குலம்கூடப் பனி விழவில்லை. ஆனால் பள்ளி, அலுவலகம், அரசு எல்லாம் ஒரே பிற்பகலில் விட்டதால் சாலைகள் அடைத்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளிகளிலும் பஸ்களிலும் இரவைக் கழித்தார்கள். பெற்றோர் வந்துவிடுவார்கள் என்பதை நம்பி மட்டும் இருக்க முடியாது.

இந்தக் குளிர்காலத்திலும் இதே தவறைப் பார்த்தேன்.

“அக்கா, இங்க எனக்கு யாரைத் தெரியும்? சித்தப்பா டெக்சாஸ்ல இருக்கார், அவரைத்தான் போட்டேன்.”

“இரண்டாவது மாடியில உங்க பையன் வகுப்புப் பிள்ளையோட அம்மா இருக்காங்களேம்மா?”

“அவங்களுக்கு எதுக்கு அக்கா தொந்தரவு?”

இந்தத் தயக்கத்தைக் கேட்டால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தயவு செய்து கதவைத் தட்டிக் கேளுங்கள். பகலில் வீட்டில் இருப்பவராக, நடந்தே பள்ளிக்குப் போகக்கூடியவராக ஒருவர், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். அவர்களிடம் சொல்லிவிட்டுப் பெயரை எழுதுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் அதே எழுத்துகளில் எழுதுங்கள், பள்ளியில் அதைப் பார்த்துத்தான் குழந்தையை அனுப்புவார்கள். உங்கள் போன் எண் மாறினால் அன்றைக்கே பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள். கணவரின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, செய்தி அவருக்குப் போய், அம்மாவும் பிள்ளையும் பனியில் பஸ்ஸுக்கு நிற்பதை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

பள்ளி திறந்திருக்கிறது, அதனால் அனுப்பியே ஆக வேண்டும் என்று நினைப்பது

சூப்பரின்டென்டென்டின் கணிப்பும் தவறலாம். 2015 ஜனவரி 6 அன்று வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் பனி பெய்தும் பள்ளிகளைத் திறந்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் தெரு வழுக்கினால் அனுப்பாதீர்கள். வரவில்லை என்று பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள்.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

காற்றையும் பாருங்கள். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் உடலுக்கு அது -19 டிகிரி ஃபாரன்ஹீட் போல இருக்கும். மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடும்.

ஜூன் டிக்கெட்

இங்கே வருடத்துக்கு 180 பள்ளி நாட்கள் நடந்தாக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ யார்க் நகரில் பனி நாளில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கணினியில் பாடம் நடத்துகிறார்கள். நம் மாநிலத்தில் ஒரு நாள் பனிக்கு அப்படி நடத்தினால் அது கணக்கில் சேராது. காலண்டரில் ஒதுக்கி வைத்த பனி நாட்கள் தீர்ந்துவிட்டால் வசந்த விடுமுறையில் கை வைப்பார்கள், அல்லது ஜூனில் நாட்களைக் கூட்டுவார்கள். செப்டம்பரில் தரும் காலண்டரில் உள்ள கடைசி நாளை நம்பி அன்றிரவே சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.