டைம்ஷேர்: நிறுவனத்திடம் வாங்குவதா, மறுவிற்பனையில் வாங்குவதா? தடுக்கி விழும் இடங்கள்

டைம்ஷேர் என்பது ஒரு விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை விலை கொடுத்து வாங்குவது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோவுக்கு விடுமுறைக்குப் போகும் குடும்பங்களை இதை விற்பவர்கள் வழிமறித்து, கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டில் தள்ளுபடி, காலைச் சிற்றுண்டி, பரிசு அட்டை எல்லாம் தருகிறோம், எங்கள் விற்பனைப் பேச்சை 90 நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்பார்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் மட்டும் வந்தால் ‘வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்’ என்று எழுந்து போய்விடலாம் அல்லவா? அந்தக் கதவை முதலிலேயே சாத்திவிடுகிறார்கள். 90 நிமிடம் பல நேரம் மூன்று மணி நேரமாக நீளும். கடைசியில் ஒரு தாளில் ஒரு தொகையை எழுதி வட்டமிட்டு, ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்’ என்பார் விற்பனையாளர்.

அன்று இரவு ஓட்டல் அறையில் கைப்பேசியில் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். அதே விடுதி, அதே அளவு பாயின்ட் (அறை பதியச் செலவழிக்க உரிமையாளருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் புள்ளி), ஏறக்குறைய பாதி விலைக்கு மறுவிற்பனையில், அதாவது முன்பே வாங்கிய ஒருவரிடம், கிடைக்கும். தேடிப் பார்க்காமலே கையெழுத்திட்டவர்களின் தவறு ஊரறிந்தது. பாதி விலை என்ற ஒன்றை மட்டும் பார்த்து மறுவிற்பனையில் பாய்கிறவர்களின் தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விலை வித்தியாசம் கண்ணில் முதலில் படுவதால் மற்றதெல்லாம் மறைந்துபோகிறது. பத்திரம் எந்த ஆண்டு முடிகிறது, ஆண்டுதோறும் எவ்வளவு கட்ட வேண்டும், வாங்கிய பாயின்டை எங்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற மூன்றும் சேர்ந்துதான் உண்மையான விலையை முடிவு செய்கின்றன.

உதாரணத்துக்கு டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்கிறேன். 1991-ல் தொடங்கிய இதற்கு அமெரிக்காவில் உயிரோட்டமான மறுவிற்பனைச் சந்தை இருக்கிறது. பிற நிறுவனங்கள் பலவற்றின் நிலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முடியும் ஆண்டைப் பார்க்காமல் விலை பேசுவது

டிஸ்னியில் நீங்கள் வாங்குவது ஒரு குறிப்பிட்ட விடுதியில் ஒரு சிறு பங்கு. பத்திரம் உண்டு. புளோரிடாவின் ஆரஞ்சு கவுன்டியில் உள்ள விடுதி என்றால் அங்கே முறையாகப் பதிவும் ஆகும். ஆனால் அது காலத்துக்கும் நிற்கும் சொத்து அன்று. போர்டுவாக், பீச் கிளப், வீரோ பீச் போன்ற பழைய விடுதிகளின் பத்திரங்கள் 2042 ஜனவரியுடன் முடிகின்றன. சரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை, அனிமல் கிங்டம் 2057 வரை, ரிவியரா 2070 வரை. முடிந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. 2026-ல் வாங்குகிறீர்கள். 2042-ல் முடியும் பத்திரம் ஒரு பாயின்ட் 80 டாலர், 2054-ல் முடிவது 110 டாலர். முதலாவது மலிவு போலத் தெரிகிறது. மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்தால் முதலாவதற்கு ஆண்டுக்கு 5 டாலர், இரண்டாவதற்கு 4 டாலருக்குச் சற்றுக் குறைவு. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. நேரடி விலையை மறுவிற்பனை விலையோடு ஒப்பிடும்போதும் இப்படி வகுத்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். புதிய விடுதிகளைத்தான் நிறுவனம் பெரும்பாலும் முன்னிறுத்தி விற்கிறது. அவற்றுக்கு ஆயுள் கூடுதல் என்பதால், வகுத்த பிறகு இடைவெளி கொஞ்சம் சுருங்கும். பெரும்பாலும் மறைந்துவிடாது.

ஆண்டுக் கட்டணத்தை ஓரமாக வைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பராமரிப்பு, காப்பீடு, சொத்துவரி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பாயின்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். நேரடியாக வாங்கினாலும் மறுவிற்பனையில் வாங்கினாலும் இதில் ஒரு சென்ட் வித்தியாசம் கிடையாது. விடுமுறைக்குப் போகாத ஆண்டிலும் கட்டியாக வேண்டும்.

150 பாயின்ட், பாயின்டுக்கு 9 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,350 டாலர். ஏறாமல் அப்படியே நின்றால்கூட 30 ஆண்டில் 40,500 டாலர். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் 64,000 டாலரைத் தாண்டும். இப்போது கொள்முதல் விலையைப் பாருங்கள்: பாயின்ட் 200 டாலருக்கு நேரடியாக வாங்கினால் 30,000, 110-க்கு மறுவிற்பனையில் வாங்கினால் 16,500. இந்த இரண்டுக்கும் இடையிலான 13,500 டாலருக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், அதைவிடப் பல மடங்கு பெரிய கட்டணத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

வீரோ பீச் நல்ல எடுத்துக்காட்டு. டிஸ்னி உலகத்திலிருந்து தொலைவில், அட்லான்டிக் கரையில் இருக்கும் விடுதி. மறுவிற்பனையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் ஒன்று. டிஸ்னி விடுதிகளிலேயே ஆண்டுக் கட்டணம் மிக அதிகமாக இருப்பவற்றிலும் ஒன்று. 2042-ல் முடிந்தும் விடுகிறது. வாங்கும்போது மிச்சம் பிடித்ததை ஆண்டுதோறும் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ஆண்டுதோறும் அங்கேயே போகிறவர்களுக்கு அது தகும். பாயின்டை மட்டும் மலிவாகச் சேர்க்கப் பார்ப்பவர்களுக்குத் தகாது.

இரண்டு வகைப் பாயின்டும் ஒன்றென்று நினைப்பது

2019 ஜனவரி 19-க்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்குகிறவர்களுக்கு டிஸ்னி ஒரு வேலி போட்டது. அதுவரை இருந்த 14 விடுதிகளில் ஒன்றின் பாயின்டை மறுவிற்பனையில் வாங்கினால், அந்த 14-க்குள் மட்டும் தங்கலாம். அதன்பின் வந்த ரிவியரா போன்றவற்றில் அந்தப் பாயின்ட் செல்லாது. ரிவியராவையே மறுவிற்பனையில் வாங்கினால் நிலைமை இன்னும் இறுக்கம்: ரிவியராவில் மட்டும்தான் தங்க முடியும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிய வேண்டும். இன்று ரிவியராவை நிறுவனத்திடம் முழு விலைக்கு வாங்குகிறவர், நாளை விற்க நினைத்தால் அந்த இறுக்கத்தோடுதான் விற்க வேண்டும். அவரிடம் வாங்க வருபவருக்கு ஒரே ஒரு விடுதிதான் கிடைக்கும். அதற்கேற்பத்தான் விலை கேட்பார். ஆக, மறுவிற்பனைக்கான கட்டுப்பாடு நேரடியாக வாங்குகிறவரின் பையிலும் கைவைக்கிறது. விற்பனை மேசையில் இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்லப் போவதில்லை.

நேரடியாக வாங்குகிறவர்களுக்கு, அதுவும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு, உணவகத் தள்ளுபடி, பூங்கா அனுமதியில் சலுகை போன்றவை உண்டு. அவற்றைக் காட்டித்தான் பாதி விற்பனை நடக்கிறது. ஆனால் இந்தச் சலுகைகள் பத்திரத்தின் பகுதி அல்ல. நிறுவனம் நினைத்தால் மாற்றலாம், நிறுத்தலாம். உங்கள் குடும்பம் ஓர் ஆண்டில் அந்தத் தள்ளுபடியால் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுதோறும் பூங்காச் சீட்டு வாங்கும் குடும்பத்துக்கு அது கணிசமாக இருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களுக்குச் சில்லறைதான்.

விடுதியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதை. சொந்த விடுதியில் 11 மாதம் முன்பே அறை பதியலாம். மற்ற விடுதிகளில் 7 மாதம் முன்புதான். டிசம்பரில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குப் போகிறவருக்கு அந்த நான்கு மாத வித்தியாசத்தில் அறை எல்லாம் போய்விடும். ‘எங்கே வாங்கினால் என்ன, எல்லா இடத்திலும் தங்கலாம்’ என்ற பேச்சை நம்பி விருப்பமில்லாத விடுதியை வாங்கி வைத்தவர்கள், 7 மாதக் கதவு திறக்கும் காலையில் மிச்சம் மீதியைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.

வில்லங்கம் பார்க்காமல் வாங்குவது

நம் ஊரில் மனை வாங்கினால் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்காமல் முன்பணம் கொடுப்போமா? புளோரிடா பத்திரத்துக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். விற்பவர் கட்டணப் பாக்கி வைத்திருக்கலாம், கடன் தீராமல் இருக்கலாம். பாயின்டின் நிலை இன்னும் முக்கியம். ஒருவர் இந்த ஆண்டுப் பாயின்டைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குரியதையும் முன்கூட்டியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். விதி அதற்கு இடம் தருகிறது. அப்படிக் காலியான பத்திரம் விலை குறைவாகத்தான் விளம்பரத்தில் இருக்கும். வாங்குகிறவர் நெடுநாள் காத்திருக்க வேண்டும், அந்தக் காலத்துக்கும் கட்டணம் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்மாறாக, முந்தைய ஆண்டு பாயின்டைச் சேமித்து வைத்திருக்கும் பத்திரத்துக்குச் சற்றுக் கூடுதல் கொடுத்தாலும் தவறில்லை.

பத்திரப் பதிவை நடத்தித் தரும் நிறுவனம், டிஸ்னியிடமிருந்து அந்தக் கணக்கின் பாக்கி, மிச்சமுள்ள பாயின்ட் எல்லாம் குறித்த எழுத்துப்பூர்வமான உறுதிச்சான்றைப் பெறும். விளம்பரத்தில் கண்ட எண்களை அந்தச் சான்றோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இந்த ஆண்டுக் கட்டணம் யார் பொறுப்பு, பதிவுச் செலவு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விற்பவர் அமெரிக்கர் அல்லாதவர் என்றால், விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வரிக்காகப் பிடித்துவைக்கும் அமெரிக்க விதி குறுக்கே வரலாம். அதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு படி உண்டு. விற்பவரும் நீங்களும் ஒத்துப்போன விலைக்கு, தானே அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை டிஸ்னிக்கு இருக்கிறது. முடிவைத் தெரிவிக்க அதற்கு 30 நாள் அவகாசம். சந்தை நிலவரத்துக்கு மிகக் கீழே அடித்துப் பேசினால், உங்கள் சாமர்த்தியத்தின் பலனை டிஸ்னி எடுத்துக்கொண்டு போகும். அந்த உரிமையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று டிஸ்னியின் கடிதம் வரும்வரை நீங்கள் எதையும் வாங்கிவிடவில்லை.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதில் அலட்சியம்

விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பவே கூடாது. பதிவு நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக் கணக்கில் (பதிவு முடியும்வரை பணத்தை விற்பவருக்குத் தராமல் வைத்திருக்கும் கணக்கில்) கட்ட வேண்டும். விற்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: ‘உங்கள் டைம்ஷேருக்கு ஆள் தயார், முதலில் வரியும் கட்டணமும் அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் வருவது ஏமாற்று வேலை. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டா பக்கம் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களை இப்படி ஏமாற்றிய கூட்டத்துக்குப் பின்னால் ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பலே இருப்பதாகக் கண்டு, 2023-ல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. ஒரு விடுமுறை அறைக்கும் போதைக் கும்பலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். பணம் இருக்கும் இடம், அவ்வளவுதான்.

டிஸ்னியின் கணக்கை மற்றவற்றுக்கும் போடுவது

வின்தம் போன்ற பெரிய டைம்ஷேர் நிறுவனங்களின் பாயின்டுகள் மறுவிற்பனையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஏலத் தளங்களில் ஒரு டாலருக்குக்கூட இருக்கும். மேசையில் பல்லாயிரம் டாலருக்கு விற்றது ஒரு டாலருக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், விற்பவர் ஏன் சும்மா தருகிறார் என்று கேட்க வேண்டும். ஆண்டுக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறார். நாளை நீங்களும் அங்கே நிற்கலாம். வின்தமில் மறுவிற்பனைப் பாயின்ட் உயர்தர உறுப்பினர் நிலைக்குக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய நிறுவனங்களில் நேரடியாக வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மறுவிற்பனையில் வாங்க ஒரே ஒரு காரணம் உண்டு: குறிப்பிட்ட ஒரு விடுதிக்கு ஆண்டுதோறும் போவீர்கள், அதன் கட்டணம் அதே அறையின் வாடகையைவிடத் தெளிவாகக் குறைவு.

ஆர்லாண்டோவில் படித்த பாடத்தை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டு வருவதும் சரிவராது. இந்தியாவில் கிளப் மகிந்திரா போன்றவை விற்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உறுப்பினர் உரிமை. நிலத்தில் பங்கு கிடையாது. 25 ஆண்டு, எந்தப் பருவத்தில் தங்கலாம் என்பதைக் காட்ட ஒரு நிறம், ஆண்டுச் சந்தா என்று போகும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற நிறுவனத்தின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் வேண்டும். எனவே மறுவிற்பனையில் பார்க்கும்போது, விற்பவரிடம் பேசுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதி, மீதம் எத்தனை ஆண்டு, மாற்றினால் எந்தெந்த உரிமை உடன் வரும் என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

கையெழுத்திட்ட பிறகு

நிறுவனத்தின் கடனில் வாங்கியிருந்தால் வட்டி விகிதத்தைப் பாருங்கள். பல நிறுவனங்களில் அது இரட்டை இலக்கத்தில் இருக்கும். புளோரிடாவில் நிறுவனத்திடம் வாங்கியவர் 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து கணக்கு. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் விற்பனையாளருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதாது. அவர் ‘நாளைக்குப் பேசலாம்’ என்று நாளைக் கடத்துவார். ஒப்பந்தத்தில் குறித்த முகவரிக்கு, குறித்த முறையில், எழுத்துப்பூர்வமாக அனுப்பி, அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். மறுவிற்பனையில் வாங்கினால் ரத்து செய்ய எத்தனை நாள் என்பதை உங்கள் ஒப்பந்தத்திலேயே தேடிப் படியுங்கள்.

இன்னும் மனம் ஊசலாடினால் வாங்கவே வேண்டாம், ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்கள் தங்கள் பாயின்டில் உங்களுக்காக அறை பதிந்து தருவார்கள். அவர்கள் கேட்கும் தொகை அந்தப் பாயின்டுக்கு அவர்கள் கட்டும் ஆண்டுக் கட்டணத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே வாங்கினால் ஆண்டுதோறும் பாயின்டுக்கு மிச்சமாவது அந்தத் தொகைதான். கொள்முதல் விலையை அதனால் வகுத்தால், போட்ட பணம் திரும்ப எத்தனை ஆண்டாகும் என்பது தெரியும். அந்த எண், பத்திரத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளைவிடப் பெரிதாக வந்தால் வாடகையிலேயே இருந்துவிடலாம்.