டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டதும் யாருக்கும் ஐபி வரலையா? சிஸ்கோ சுவிட்ச்ல இந்த வரிசைல பண்ணுங்க

ஆபீஸ்ல ஒருத்தர் வைஃபை ரவுட்டர் கொண்டு வந்து, அதோட லேன் போர்ட்டை சுவத்து பாயிண்ட்ல சொருகிட்டாரு. அது எல்லாருக்கும் 192.168.0 சீரிஸ்ல ஐபி கொடுக்க ஆரம்பிச்சு பாதிப் பேருக்கு நெட் போச்சு, எந்த போர்ட்டுன்னு கண்டுபுடிக்கவே அரை நாள் ஆச்சு. இதைத் தடுக்குற வசதி சுவிட்ச்லயே இருக்கு, அதான் டிஹெச்சிபி (மெஷினுக்குத் தானா ஐபி கொடுக்குற முறை) ஸ்னூப்பிங், ஆன் பண்ணணும் அவ்ளோதான். விலான், ட்ரங்க் தெரியும்னு வச்சுக்குறேன். கன்சோல் கேபிள்ல உக்காந்து பண்ணுங்க, எஸ்எஸ்ஹெச்ல வேணாம், பாதில கட் ஆனா கஷ்டம்.

1. முதல்ல டிஹெச்சிபி சர்வர் (ஐபி கொடுக்குற மெஷின்) பக்கம் போற போர்ட்ல, அதாவது அப்லிங்க்ல, 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ட்ரஸ்ட்'. ட்ரஸ்ட் இல்லாத போர்ட்ல இருந்து ஆஃபர், ஆக் (ஐபி கொடுக்குற சர்வரோட பதில்கள்) வந்தா சுவிட்ச் தூக்கிப் போட்டுடும், அதனால இது முந்தி.

2. அப்புறம் 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங்', கூடவே 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் விலான் 10'. ரெண்டும் வேணும்.

3. நான் மாட்டுனது இங்கதான். ட்ரஸ்ட் சரியா இருக்கு, விலான் சரியா இருக்கு, ஆனா ஒரு மெஷினுக்கும் ஐபி வரல. வயர்ஷார்க் (பாக்கெட்டைப் பாக்குற டூல்) போட்டுப் பாத்தா டிஸ்கவர், அதாவது ஐபி கேக்குற பாக்கெட், சர்வர் வரைக்கும் போகுது, திரும்பி எதுவும் வரல. காரணம் ஆப்ஷன் 82, அதாவது ரிக்வெஸ்ட் எந்த சுவிட்ச், எந்த போர்ட்ல இருந்து வந்துச்சுன்னு சொல்ற தகவல். ஸ்னூப்பிங் ஆன் பண்ணதும் சுவிட்ச் தானாவே அந்த ஆப்ஷனை பாக்கெட்ல சேக்குது, ஆனா ரிலே அட்ரஸ் (ரிக்வெஸ்டை வேற நெட்வொர்க்ல இருந்து கடத்தி விடுறவரோட ஐபி) 0.0.0.0-ன்னே இருக்கு, எங்க சர்வர் ஒரு சிஸ்கோ ரவுட்டர், அது இந்த மாதிரி பாக்கெட்டை நம்பாம தூக்கிப் போட்டுடும். சுவிட்ச்ல 'நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்' அடிச்சதும் ஐபி வந்துருச்சு. ஆப்ஷன் 82 உங்களுக்குத் தேவையில்லன்னா முதல்லயே எடுத்துடுங்க.

4. போர்ட் செக்யூரிட்டி (ஒரு போர்ட்ல எத்தனை மெஷின் வரலாம்னு கட்டுப்படுத்துறது): 'சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்' முதல்ல, இல்லன்னா கமாண்டை ஏத்துக்காது. டீஃபால்ட்டா ஒரு மேக் அட்ரஸ்தான் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்), மீறுனா போர்ட் எர்ர்-டிசேபிள் ஆயிடும், அதாவது சுவிட்சே போர்ட்டை மூடிடும். எனக்கு 'ரெஸ்ட்ரிக்ட்'தான் புடிக்கும், புது மேக்கை மட்டும் தடுத்து அதை லாக்ல பதிவு பண்ணும், ஏற்கனவே வேலை செய்றவருக்குத் தொந்தரவு இல்ல. ஸ்டிக்கி (பாத்த மேக்கைத் தானா கான்ஃபிக்ல எழுதிக்குறது) போட்டா கான்ஃபிக்கை சேவ் பண்ணிடுங்க, இல்லன்னா ரீலோட்ல போயிடும்.

5. ஆக்சஸ் போர்ட் எல்லாத்துலயும் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட் காத்திருக்காம உடனே வேலைக்கு வரும்), பிபிடியு கார்டு (அந்த போர்ட்ல இன்னொரு சுவிட்சை மாட்டுனா மூடிடும்) போடுங்க.

6. டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் கடைசில. ஏஆர்பி-ன்னா ஒரு ஐபியோட மேக் எதுன்னு கேட்டுக் கண்டுபுடிக்குற முறை, அதுல பொய்ப் பதில் வந்தா இது தடுக்கும். இது ஸ்னூப்பிங்கோட பைண்டிங் டேபிளை (எந்த போர்ட்ல எந்த மேக்குக்கு எந்த ஐபின்னு இருக்குற பட்டியல்) பாத்துதான் முடிவு பண்ணும், ஸ்னூப்பிங் போட்ட கையோட இதையும் போட்டா பழைய லீஸ்ல (முன்னாடியே வாங்குன ஐபில) இருக்குறவங்க டேபிள்ல இருக்க மாட்டாங்க, அவங்க ஏஆர்பி எல்லாம் ட்ராப் ஆகும். 'ஷோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங்'ல எல்லாரும் வந்த பிறகு போடுங்க, அப்லிங்க்ல 'ஐபி ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் ட்ரஸ்ட்' தனியாக் கொடுக்கணும், ஸ்னூப்பிங் ட்ரஸ்ட் இதுக்குச் செல்லாது.

அப்டேட்: பிரிண்டர் செத்துப் போச்சுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது ஸ்டேடிக் ஐபி (கையால போட்டது, டிஹெச்சிபில வாங்கல), அதான் டேபிள்ல இல்ல, இன்ஸ்பெக்ஷன் தடுத்துடுது. அதுக்கு அந்த ஐபியையும் மேக்கையும் அனுமதிக்குற ஏஆர்பி ஆக்சஸ் லிஸ்ட் எழுதி அந்த விலான்ல ஃபில்டரா மாட்டுங்க.

அப்டேட் 2: சுவிட்ச் ரீலோட் ஆனா பைண்டிங் டேபிள் காலி ஆயிடும், இன்ஸ்பெக்ஷன் ஓடிட்டு இருந்தா மொத்தப் பேரும் நிப்பாங்க. 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' கமாண்ட்ல ஃபிளாஷ்லயோ (சுவிட்சோட மெமரி) டிஎஃப்டிபி சர்வர்லயோ (நெட்வொர்க்ல ஃபைல் வைக்குற மெஷின்) சேமிக்கச் சொல்லிடுங்க. நான் டிஎஃப்டிபிதான் வச்சிருக்கேன், ஃபிளாஷ்ல அடிக்கடி எழுத விட வேணாம்னு.